நிறுத்திவிட்ட மிஷினுக்கு ஒரு மன்னிப்பு

மசுவோகா கின்யாவை ஜப்பானின் யொனாகோ ஊரில் தெரியாதவர்களே கிடையாது என்று சொன்னால் அது கொஞ்சம் அளப்புதான். துறைமுகத்தை ஒட்டிய நாலைந்து தெருக்களில் தெரியாதவர்கள் கிடையாது, அது நிஜம். அங்கே எந்த வீட்டில் துணி துவைக்கிற மிஷின் மக்கர் பண்ணினாலும் ஃபோன் அவர் கடைக்குத்தான் போகும். ஒரே கம்பெனியின் சாமான்களை மட்டும் விற்கிற சின்னக் கடை. அறுபதைத் தாண்டியும் மனிதருக்குப் பேரம் பேசத் தெரியாது, கோபப்படவும் தெரியாது. மனசு கஷ்டப்பட்டால் காது மட்டும் சிவக்கும்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஜெயித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு வெள்ளி நிறப் பெட்டியைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் அதில் வீடியோ கேம் ஆடலாம், பெரியவர்கள் டிவிடி போட்டுச் சினிமா பார்க்கலாம். முன்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். புறவழிச்சாலையில் இருந்த பெரிய கடைக்காரர்கள் சிரித்தார்கள். கேம் தனியாக மலிவாகக் கிடைக்கிறது, டிவிடியும் அப்படித்தான், இரண்டையும் ஒட்டவைத்து இந்த விலைக்கு எந்த மடையன் வாங்குவான் என்று கேட்டார்கள். கின்யாவோ அந்தப் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் மனசைப் பறிகொடுத்துவிட்டார். அப்போது கடை தள்ளாடிக்கொண்டிருந்தது. "இது விக்கலேன்னா ஷட்டரை இறக்கிடறேன்" என்று மனைவி ஃபுசாயேயிடம் சொல்லிவிட்டு, விளம்பரத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

என்ன ஆச்சரியம்! தெருவில் பாதிப் பேர் வாங்கினார்கள். அன்றிலிருந்து, "நல்ல சரக்கைக் கண்டுபிடிக்கற கண் எனக்கு இன்னும் இருக்கு, ஃபுசாயே" என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அந்த தைரியத்தில்தான் கடை ஓடியது.

இந்த டிசம்பரில் கம்பெனி ஆள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே வந்து, அந்தப் பெட்டியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னான். போகிறபோக்கில், "அடுத்த வருஷமும் கடை நடத்தறதா உத்தேசமா சார்? வருஷம் முடியறதுக்குள்ள சொல்லிட்டா நல்லது" என்றான். கின்யாவின் காது சிவந்தது.

மறுநாள் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பினார். கையில் பயறுப் பூரணம் வைத்த இனிப்புப் பெட்டிகள் அடுக்கிய பை.

"எங்கங்க, கல்யாணத்துக்கா?" என்றாள் ஃபுசாயே.

"அந்தப் பெட்டியை வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேக்கணும்."

"நிறுத்தின கம்பெனிக்காரன் ஒசாகா ஹெட் ஆபீஸ்ல சுகமா உக்காந்திருக்கான். நீங்க ஏன் குனியணும்?"

"அவங்க ஒசாகாகிட்டயா வாங்கினாங்க? என் கையிலதானே வாங்கினாங்க?"

ஃபுசாயே வாயைத் திறந்தாள். எதையோ சொல்ல வந்தவள் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

முதலில் முடிவெட்டுகிற காகேயாமா. "அடடா, இதுக்குப் போய் மன்னிப்பா! கடைக்கு வர்றவங்க எல்லாரும் அதிலதானே படம் பாக்கறாங்க. அருமையான மிஷின்!" என்று கத்தரியோடு வந்து குனிந்தார். கின்யாவும் குனிந்தார். குனிந்த இடத்தில் கண் தானாகச் சுவர்ப்பக்கம் போனது. வெள்ளிப் பெட்டியின் ஒயர் கம்பெனியில் சுருட்டிக் கட்டினபடியே கிடந்தது.

அடுத்து மீன்வடை போடுகிற அடாச்சி அம்மாள் வீடு. "ஒரு நிமிஷம் நில்லுங்க, உள்ள ஒரே குப்பை" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அட்டைப்பெட்டி கிழிபடுகிற சத்தம் வந்தது. அப்புறம் கதவு திறந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "தினம் ராத்திரி இதிலதாங்க படம்! என் வீட்டுக்காரர் இது இல்லாம தூங்கவே மாட்டார்" என்றாள். டிவி பக்கத்தில் பெட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது, ஒட்டுத்தாள்கூட உரிக்காமல். கின்யா தேநீரைக் குடித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லி எழுந்தார். வாசலுக்கு வந்தபோது காது சிவந்திருந்தது.

அடுத்த வீட்டில் நகாமி தத்சுவோ இருந்தார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வாய்க்குப் பூட்டுப் போடாத ஆள்.

"நகாமி சார், உண்மையைச் சொல்லுங்க. உங்க பெட்டி எங்க இருக்கு?"

"மாடியில, மெத்தைக்குப் பின்னால. ஏன்?"

"அப்புறம் எதுக்கய்யா வாங்கினீங்க?"

நகாமி அவரை உள்ளே இழுத்துக் அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேஜைக்குக் கீழே கால் நீட்டி உட்காரவைத்தார். "யோவ் கின்யா, பெட்டி வர்றதுக்கு முந்தின வருஷம் பூகம்பம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மறுநாளே நீ ஏணியைத் தூக்கிட்டு ஒவ்வொரு வீடா ஏறினே. ஒயரைப் பாத்தே, விழுந்த டிவியைத் தூக்கி வச்சே. ஒரு பைசா வாங்கினியா? குடுத்தா ஓடினே. அதை எப்படித் தீர்க்கறதுன்னு தெருவே முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் நீ அந்த விளம்பரத்தாளை எடுத்துக்கிட்டு, பரீட்சையில பாஸான பையன் மாதிரிப் பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நின்னே. விடுவோமா? தெருச்சங்கத்தில கூடிப் பேசினோம், வசதி இருக்கறவங்க எல்லாம் வாங்கிடறதுன்னு. அதுக்கப்புறம் நீ மகராசனா நடந்தே பாரு, அடேயப்பா!"

கின்யா டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மிச்சமிருந்த இனிப்புப் பெட்டிகளையும் மற்ற வீடுகளில் கொடுத்தார். எல்லா வீட்டிலும் புகழ்ந்தார்கள், எல்லா வீட்டிலும் குனிந்தார்.

கடைக்குத் திரும்பி டையைக் கழற்றினார். "உனக்குத் தெரியுமா?"

"அந்தக் கூட்டத்துக்கு டீ போட்டது யாருன்னு நெனச்சீங்க?" என்றாள் ஃபுசாயே.

"அப்பவே ஏன் சொல்லலே?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஷட்டரை இறக்கியிருப்பீங்க."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜெயித்தோம் என்று நினைத்ததுகூடத் தெருக்காரர்கள் போட்ட பிச்சையா! "எனக்குக் கண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூடிடலாம்."

"தாராளமா மூடலாம். ஆனா ஒரு மிஷினை நிறுத்தினதுக்கே டை கட்டிட்டுப் போனீங்களே, கடையை நிறுத்தினா சும்மா இருக்க முடியுமா? மறுபடி வீடு வீடாப் போகணும். அடாச்சி அம்மா முன்னால நின்னு, 'இனிமே உங்க ஹீட்டர் நின்னா நான் வரமாட்டேன்'னு சொல்லணும். எங்கே, முதல்ல என்கிட்ட சொல்லிப் பாருங்க."

கின்யா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். முறைப்படி இடுப்பு வளையக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் பொலபொலவென்று வந்தது. அடாச்சி அம்மாள் மூச்சிரைக்க நின்று சொன்ன பொய் அவர் நெஞ்சை விட்டு நகர மறுத்தது. தன் மேல் இத்தனை பேருக்கு இத்தனை பிரியமா!

ஃபுசாயே துண்டை நீட்டினாள். அவர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்துக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷத்துக்கும் என் கடையைச் சேர்த்துக்குங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு. புதுசா எது வந்தாலும் என்கிட்ட மட்டும் காட்டாதீங்க. எனக்குப் பிடிச்சுடும். அப்புறம் பாவம், எங்க தெருவே வாங்கிடும்."