நடவுப் பயிற்சிக்கு நான் போட்ட நிபந்தனை

நீடாமங்கலம் பக்கத்தில் வேளாண் அதிகாரியாக இருந்தபோது ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தேன். இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போனவர் அவர். நடவு இயந்திரம் ஓட்டப் பயிற்சி என்றதும் முதல் ஆளாக வந்து நின்றார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மேலிடம் கேட்கவில்லை. அந்த வரியைச் சேர்த்தவன் நான்.

"கைநாட்டு வைக்கிறவங்களுக்கு இஞ்சின் எதுக்கும்மா?" என்றேன்.

"இத்தன வருஷமும் கையெழுத்துப் போட்டா சார் நாத்து நட்டேன்?"

அலுவலகமே சிரித்தது. அந்த ஆத்திரத்தில் அவர் பெயர்மேல் கோடு ஒன்றை இன்னும் அழுத்திப் போட்டேன்.

அவர் இடத்துக்குப் பட்டம் படித்த மிராசு வீட்டுப் பிள்ளை ஒருவனை அனுப்பினேன். சான்றிதழோடு சிங்கப்பூர் போய்விட்டான். சேற்றில் கால் வைக்கவில்லை.

இப்போது மேடைக்கு மேடை வாழ்நாளெல்லாம் கற்க வேண்டும் என்கிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்து மூன்று வயதுவரை உட்கார்ந்து படித்துவிட்டு, பிறகு ஒரு புத்தகமும் திறக்காமல் ஓய்வு பெறும்வரை சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுக்குப் பின் என் வயலுக்கே இயந்திரம் கூப்பிட்டேன். அதற்குப் பாய்போல வளர்க்கும் நாற்றைப் பதினைந்தாம் நாளே எடுத்துவிட வேண்டும். பழைய நினைப்பில் இருபத்தைந்து நாள் விட்டேன். வேர் பின்னிக்கொண்டு நாற்றெல்லாம் கிழிந்தது.

"நீங்க அக்ரி படிச்சவங்கன்னு சொன்னாங்களே" என்றார் ஓட்ட வந்தவர்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவரோடு நட்டவர்களுக்கு இப்போது நடவே இல்லை. ஊரில் ஓடும் இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்.

"உங்க பேர அடிச்சது தப்புங்க."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார். இப்ப என்ன?"

"இப்பவாவது கத்துக்குங்க. நான் சேத்து விடுறேன்."

வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பழைய அலுவலகத்தில் என் வரியை வருடா வருடம் அப்படியே நகலெடுத்திருந்தார்கள். "நீங்க போட்டதுதானே சார்" என்றார் இளம் அதிகாரி. கத்தினேன். மனுமேல் மனு கொடுத்து அந்த வரியை எடுக்க வைத்தேன்.

மன்னார்குடிக்கு வெளியே பயிற்சி வயல். என் காரில்தான் கூட்டிப் போனேன். மூன்றாம் முயற்சியில் இருக்கையில் ஏறினார். கிளட்ச்சை மிதிக்க முழங்கால் மடங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் குனிந்து நின்ற கால். பயிற்சியாளர் மெதுவாக, "இறங்கிடுங்கம்மா" என்றார்.

இறங்கி வந்து வரப்பில் நின்று என்னைப் பார்த்தார்.

"அப்ப மடங்குச்சு சார்."

திரும்பும்போது என் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போனார்.