பூவரசன் திருப்பிவிட்ட தண்ணீர்

கோல்ஃப் மைதானம் போடுகிறவர்களிடம் பூவரசன் என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியப் பேசுவார்கள்! பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பெங்களூருக்குப் புல்டோசர் ஓட்டப் போனவர், இருபது வருஷத்தில் மைதானத்தையே வரைந்து கொடுக்கிறவராக ஆனார். மேட்டைப் பார்த்ததுமே மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்லிவிடுவார். அவர் போட்ட சரிவுகளைப் பார்த்துத்தான் இன்றும் நாலைந்து ஊர்களில் மண் வெட்டுகிறார்கள்.

சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனி மைதானம் போடக் கூப்பிட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. வடிகால் முழுவதையும் ஏரிக்குத் திருப்பினார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். மழைத்தண்ணீர் விழுந்தால் இறால் ஏறும் என்பது குப்பத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நம்ம ஜனத்துக்கு நம்மால் ஆனது என்று நினைத்தார். புல்லுக்குப் போடும் உரமும் மருந்தும் அதே தண்ணீரோடு போகும் என்பது அவர் மனசில் படவே இல்லை.

மூன்றாவது மழையோடு அந்தப் பக்கம் இறால் நின்றுபோனது.

போன ஆடியில் வேலையை விட்டுவிட்டு ஊர் வந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: பாடு. எந்த நாளில், ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று ஊர் முறைவைத்துக் கொடுக்கும் உரிமை. அது இருந்தால்தான் அங்கே ஆள்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார். இறால் விற்கும் ஜெயம்மா விடவில்லை.

"இன்னா பூவரசா, பச்சைப்பசேல்னு புல்லு மொளைக்க வெச்சியே, அங்க போய் வலை போடேன்!"

சிரிப்பு அடங்க நேரமானது.

"நல்லது வரும்னுதான்க்கா திருப்பிவுட்டேன்."

"தெரியும்டா. அதான் வயிறு எரியுது. வேற எவனாச்சும்னா கல்லால அடிச்சிருப்போம்."

"கம்பெனில சொல்லி மூடுறதுதானே?" என்றார் தலைவர் மாசிலாமணி.

"மூணு தபா போனேன் தலைவரே. கேட்டுக்குள்ளயே வுடல."

மாசிலாமணி முறை எழுதிய நோட்டைப் புரட்டினார். "உன் பேரை யாரும் அடிக்கல. ஆனா வடிகாலண்ட கீற எடம் மட்டும்தான் காலி. எல்லாரும் வேணாம்னுட்டாங்க. எடுத்துக்கிறியா?"

பூவரசன் தலையாட்டினார்.

முறைநாள் தவறாமல் அங்கே வலை போடுகிறார். வழவழவென்று பாசிதான் வருகிறது. அதை உதறி எடுக்கவே மதியமாகிவிடுகிறது. மனசு கேட்காமல் மாசிலாமணி போன வாரம் படகை ஓரம்கட்டி, "பக்கத்து எடத்துக்கு மாத்தித் தரட்டா?" என்றார்.

"வேணாம் தலைவரே," என்றார் பூவரசன். "பாசி அங்கயும் வந்துக்கினுதான் கீது."