ஆடி வெள்ளிக்கு வந்த நேர்காணல்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நான் அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையில் ஒருவன் வருகிறான். சிறு வயதிலிருந்தே கடல் அரிப்பைக் கண்டு கலங்கியவன், தலைமைப் பண்பு மிக்கவன், விடியற்காலையில் எழுகிறவன். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் ஒரு மாடி அறையில் இயங்கிய ஆலோசனை மையத்தில், அங்கிருந்த அக்காவும் நானும் உட்கார்ந்து அவனைச் செய்தோம். கடலைப் பார்த்து நான் கலங்கியது என்னவோ உண்மைதான். மாமல்லபுரத்தில் ஓர் அலை என் புதுச் செருப்பில் ஒன்றை மட்டும் கொண்டுபோன அன்று.

நான்கு இடங்களுக்கு அனுப்பினோம். மூன்று இடங்களில் மிகுந்த மரியாதையோடு வேண்டாம் என்றார்கள். அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் என்னை விரட்டியதில்லை. நான்காவது இடத்தில், கடற்கரைப் பொறியியல் மேற்படிப்புக்குக் காணொளி நேர்காணல் வைத்தார்கள். தேறினால் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அப்பா மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர், அம்மா கடலோர ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். தள்ளுபடி இல்லாமல் படிப்புக்காக நான் போகக்கூடிய தூரம் திருப்போரூர் வரைதான்.

எந்த நாள் வசதி என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். எந்த நாளும் வசதியே என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் போட்டேன். அவர்கள் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, நம்மூர் நேரப்படி மதியம். எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி வெள்ளி. எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். அதில்தான் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார்கள். அதன் வாய் நேராக எங்கள் ஜன்னலுக்குள் பார்க்கும்.

அம்மா வேலை செய்யும் இடத்தில் ஒரு காலி அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை பார்த்து ஏதோ கம்பெனிக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே மைக்செட்டுக்காரர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் ஜன்னல் வழியே எனக்குக் கேட்டது.

"அண்ணாத்த, புள்ளைக்கு ஃபாரின் காலேஜுல இன்டர்வியூ. ஒரு அரை மணி நேரம் செட்ட நிறுத்து."

"இன்னாபா நீ, கூழ் ஊத்துற அன்னிக்கி நிறுத்தச் சொல்ற? அம்மனுக்குக் கோவம் வராதா?"

"காலைலருந்து நீ போட்ற பாட்ட அம்மனுந்தான் கேட்டுகினு கீது. அதுக்கும் காதுக்கு ரெஸ்ட்டு வோணாமா?"

மைக்செட்டுக்காரர் சிரித்துவிட்டார். காரியம் முடிந்தது.

நான் மேலே வெள்ளைச் சட்டை, டை, கீழே லுங்கியோடு உட்கார்ந்தேன். அம்மா எனக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினார். கொடித்துணியும் காலண்டரும் மறைந்து, வீடு ஏதோ ஓட்டல் போல ஆனது.

"மூஞ்சிய தொட்ச்சிக்கோடா. கரகம் எடுக்குறவன் மாதிரி வேர்த்துகினு கீது."

திரையில் நரைத்த முடியோடு ஒரு பேராசிரியை வந்தார். அதே நொடியில் வெளியே பாட்டு நின்றது. ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் காக்காய் கத்துவது கேட்டது அன்றுதான். உன்னைப் பற்றிச் சொல் என்றார். கட்டுரையில் வருகிறவன் என் வாய்க்குள் புகுந்து, கடல் அரிப்பைக் கண்டு கலங்க ஆரம்பித்தான். அப்போது வேப்பமரம் தொண்டையைச் செருமியது.

"ஹலோ... ஹலோ... அன்பான பக்தகோடிகளே! செட்டு நின்னுப்போச்சேனு யாரும் பயப்பட வோணாம். தெருவுல சாவு ஒண்ணும் வுழல. நம்ம வேன் ஓட்டுறவரு மவன் ஃபாரின் காலேஜுகூட பேசிகினு கீறாரு. அதனால யாரும் சத்தம் போடாதீங்கோ. அண்டாவ டொம்முனு வைக்காதீங்கோ. கொழந்தைங்கள அழ வுடாதீங்கோ!"

அவரைக் குறை சொல்ல முடியாது. திருவிழா அன்று மைக்செட் திடீரென்று நின்றால், எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊரே அலறிக்கொண்டு ஓடிவந்திருக்கும். விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் கூழ் வாங்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் தெரியவேண்டும் இல்லையா? திரும்பவும் சொன்னார். மூன்றாவது முறை அப்பா ஓட்டும் வேனின் வண்ணத்தையும் சேர்த்துச் சொன்னார்.

பேராசிரியை முன்னால் குனிந்து, மைக்கில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மனப்பாடம் செய்துவைத்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை. சாவு, அண்டா, குழந்தை எதையும் விடாமல் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்காகத் திருவிழாவையே நிறுத்திவிட்டார்களா?"

"அரை மணி நேரம் மட்டும்தான், மேடம்."

"அந்த வேன் ஓட்டுகிறவர்?"

"என் அப்பா."

அதற்குப் பிறகு கட்டுரைக்காரனைக் காணவில்லை. எங்கே போனானோ. நான்தான் பேசினேன். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா வேனை ஓரங்கட்டிவிட்டு மணலில் நடக்கவிடுவார், தண்ணீரைத் தொடுவதற்குள் எனக்குக் கால் வலிக்கும். இன்று அதே இடத்தில் படகுகளை இழுத்து வைக்க மணல் போதவில்லை. மணல் எங்கே போகிறது என்று அப்பா ஒருமுறை கேட்டார், கல்லூரியில் படித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். இலக்கணம் தாறுமாறாக இருந்தது. நேரம் முடிந்துவிட்டது, நன்றி என்றார். அவர் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்தேன். தெருவே கையில் சொம்போடு நின்றுகொண்டிருந்தது. உறிஞ்சினால் சத்தம் வருமென்று யாரும் கூழைக் குடிக்கக்கூட இல்லை. அப்பா மரத்தடியிலிருந்து வேகமாக வந்தார்.

"இன்னா கேட்டாங்கோ?"

"மைக்குல இன்னா சொல்றாங்கோனு கேட்டாங்கபா."

அப்பாவின் முகம் சுருங்கியது. "அது அங்கியும் கேட்டுச்சா? நானே கெடுத்துட்டனா, நைனா?"

எதற்கும் நாலு கிண்டல் கையிருப்பில் வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றுகூட அகப்படவில்லை. "இல்லபா, நல்லாதான் பேசினேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குள் வேனைக் கொண்டுவரும்போது அவர் ஹாரனே அடிக்கவில்லை. குறுக்கே ஆடு நின்றால்கூட இறங்கிப்போய்க் கையால் ஓட்டிவிட்டு வந்தார்.

முடிவு ஒரு மதியத்தில் வந்தது. இடம் உண்டு, தள்ளுபடியும் உண்டு. பஸ் பிடித்து மாமல்லபுரம் வேன் ஸ்டாண்டுக்குப் போனேன். அப்பா ஓட்டுநர் இருக்கையில் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் நின்று சொன்னேன். அவர் பாத்திரத்தை மூடினார். கையை ஹாரன் மேல் வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "மத்தியானம் எவனோ ஒரு பேமானி, ஸ்டாண்டாண்ட ஹாரன வுடாம அடிச்சிகினே கீறான். ரூம்ல படுத்துகினு இருந்தவங்கோ எல்லாம் எழுந்து எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்கோ!"

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு தோட்டப் பக்கம் போய்விட்டார். சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.