பென்ரோஸ் பெரியப்பா

அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார், தன்னுடைய குடும்பப் பெயரையே அவருக்கும் வைத்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். அதனால் வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்க வந்த நாங்கள் பென்ரோஸ் குடும்பமானோம். அப்பா பாறை உடைத்த சுரங்கமும் பென்ரோஸ் கம்பெனி. அதன் முதலாளி பென்ரோஸ் துரை. அவருடைய துரைசானி திறந்தது பென்ரோஸ் பள்ளிக்கூடம். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வசதியான சொந்தக்காரர்கள், அதனால்தான் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். எனக்கோ எழுத்துப் பைத்தியம். முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, அம்மா எனக்குத் தலை பின்னி அங்கே அழைத்துக்கொண்டு போனாள்.

வாத்தியாரம்மா வேலூர்க்காரர். பெயரைக் கேட்டுச் சிரித்தார். "பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா? இது குமாஸ்தா வூட்டுப் புள்ளைங்களுக்கு. போங்க."

அம்மா நகரவில்லை. "போர்டுல எங்க பேர எழுதி வெச்சிட்டு, எங்க பொண்ண வெளியே நிறுத்தினா இன்னாங்க நாயம்?" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

அந்த நேரம் பார்த்துத் துரையும் துரைசானியும் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். துரை முகம் சுளித்தால் சாயங்காலத்துக்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் முன்னால் போய்க் கைகூப்பி, "தோத்திரம் பெரியப்பா" என்றேன்.

துரை என்னவென்று வாத்தியாரம்மாவைக் கேட்டார். மறுபடி அதட்டிக் கேட்கவும், அவர் தரையைப் பார்த்தபடி இங்கிலீஷில் சொன்னார். துரையின் கழுத்து சிவந்துபோயிற்று. துரைசானி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கியது. கடைசியில் துரைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

நான் விடவில்லை. பலகையில் இங்கிலீஷுக்குக் கீழே இருந்த தமிழை உரக்கப் படித்துக் காட்டி, அதுதான் எங்கள் பெயர் என்றேன். துரைசானி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முதல் பெஞ்சியில் உட்கார வைத்தார். சிலேட்டில் நான் முதலில் எழுதியது பென்ரோஸ். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடம் விடும்வரை அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். திரும்பும் வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், பெரியப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டில் பாத்திரம், பாய், துணி எல்லாம் மூட்டையாகக் கதவோரம் கிடந்தன. காலையில் அம்மா அவற்றைக் கட்டும்போதே பார்த்திருந்தேன். ஊருக்குப் போகிறோம், பங்காருபேட்டையில் ரயிலேறலாம் என்று ஆசையாய் இருந்தேன். அம்மா மூட்டையை அவிழ்த்தாள். சட்டியை எடுத்துக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

அத்தனை பெரிய வெற்றியிலும், ரயில் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு ஒரே வருத்தம்.