பலூன் உடைந்த மாலை

அவர் குடித்திருக்கவில்லை, அவருக்கு வெறியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பொய் சொன்னேன்.

லண்டன் ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா, நான் தலைமையாசிரியர். மேடையோரம் கட்டியிருந்த பலூன்களைச் சிறுவர்கள் படபடவென்று உடைத்தார்கள். பின்னால் யாரோ உட்கார்ந்திருந்த கதிரை சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. தன் மகளின் நடனம் பார்க்க வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்திருந்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுபவர், சாப்பாட்டு மேசைக்கடியில் பிடரியைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். ஊரில் போரின் ஷெல்லடிக்குத் தப்பி, தடுப்புமுகாமில் வதைபட்டு, இங்கே வந்து குடியில் விழுந்தவர். அதையும் விட்டு ஒரு வருடமாகியிருந்தது. குனிந்து தூக்கினேன். மூச்சில் தேத்தண்ணி மணம் மட்டுமே. பிரதம விருந்தினர் திரும்பிப் பார்த்தார்.

"ஆளுக்கு வெறி. வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன்.

"அண்ணைக்கு இண்டைக்குக் கொஞ்சம் கூடிட்டுது!" என்றது ஒரு குரல். மண்டபம் சிரித்தது. குடித்தவரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தெரியும். பயந்தவரை என்ன செய்வதென்று தெரியாது. எங்களில் பாதிப்பேர் அதே பயத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். மேடையில் அவர் மகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

அன்றே அவர் மறுபடி குடித்தார். மீண்டு வரக் கனகாலம் பிடித்தது. வந்தபின், எட்மண்டனில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் ஞாயிறு மாலைகளில் ஆண்களை வட்டமாக உட்காரவைத்தார். ஒரு தகரப் பேணியில் தேத்தண்ணி கைமாறும். அதை வைத்திருப்பவர் பேசலாம்; பேசாமல் அடுத்தவரிடம் கொடுக்கவும் செய்யலாம். மனைவியிடமும் சொல்லாததை அங்கே சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகே அந்த வட்டத்துக்குப் போக எனக்குத் துணிவு வந்தது. பேணி என் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள் குனிஞ்சு மணந்து பார்த்தது எனக்குத் தெரியும், மாஸ்டர்" என்றார் அண்ணை. பிறகு, "எனக்குச் சொல்லிப்போட்டியள். அந்த மண்டபத்துக்கு ஆர் சொல்லுறது?"

அடுத்த விழாவில் அதே மண்டபத்தில் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. வாசலில் ஒரு பெண் மட்டும், "என்ரை மனுசனும் அப்பிடித்தான், மாஸ்டர். அந்த வட்டம் எங்கை நடக்குது?" என்றாள். அதற்குள் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அவள் கணவர் வட்டத்துக்கு வந்தபோது அண்ணை உயிரோடு இருக்கவில்லை. அண்ணையின் மகள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது அவளுடைய உரிமை.

போன ஞாயிறு வட்டம் கூடியிருந்தபோது, பக்கத்து அறையில் ஏதோ பிறந்தநாள். பலூன் ஒன்று வெடித்தது. அந்தப் பெண்ணின் கணவர் கதிரையிலிருந்து சரிந்து மேசைக்கடியில் ஒடுங்கினார். யாரும் சிரிக்கவில்லை. பேணி என்னிடம் இருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. ஆனாலும் தரையில் இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேணியை அவர் கைக்குள் வைத்தேன். அங்கிருந்து பார்த்தபோது, அண்ணை உட்கார்ந்த, இப்போது யாரும் இல்லாத கதிரையின் கால்கள்தான் தெரிந்தன.