பெரட்டு மணி அடித்தவர்

என் பெரியப்பாவின் பெயரைக் கல்லில் வெட்டப் போகிறார்கள், அதுவும் 'போர்க்கைதி' என்ற பட்டத்தோடு என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரியப்பா துப்பாக்கியைத் தொட்டவர் இல்லை. மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். அதாவது, மற்றவர்கள் வேலை செய்கிறார்களா என்று நின்று பார்ப்பது அவருடைய வேலை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. அவர் திரும்பினார். அவர் செய்த சாதனை அவ்வளவுதான்.

கோயில் கும்பாபிஷேக மலரில் போடுவதற்கு அவருடைய வரலாற்றை எழுதித் தரச் சொன்னவர் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை. கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான், கல் யோசனையும் அவருடையதுதான்.

"அண்ணே, போர்க்கைதின்னா பட்டாளத்து ஆளுங்க. இவரு கூலியா போனவரு" என்றேன்.

"கூலின்னு கல்லுல வெட்டுவாங்களாடா? நாலு பேரு வந்து படிப்பாங்க லா!"

கூலி என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பால் மரம் வெட்டிய கூலிகள் கட்டிய கோயிலுக்குத்தான் அவர் தலைவராக இருந்தார்.

கடைசியில் அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. வேறு யாரையோ பிடித்து எழுதி வாங்கினார். அதில் பெரியப்பா சயாம் காட்டில் ஒரு புலியை முறைத்துப் பார்க்கிறார், புலி பயந்து திரும்பிப் போகிறது. பாவம் அந்தப் புலி, அதற்கும் வேறு வேலை இல்லை போலும்.

ஆனால் நான் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். பெரியப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தீபாவளியன்று அவரைப் பேச வைத்துப் பதிவு செய்த கேசட் அண்ணனிடம் இருந்தது. அதை வாங்கி வந்து, செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வருகிற நாட்களில் போட்டுக் கேட்டேன். எல்லாம் பிள்ளை வயதிலிருந்து நான் கேட்ட கதைதான்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஆபீசுக்கு முன்னால் தொங்கும் இரும்புத் துண்டை அடித்தால் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் மத்தியானத்தில் அந்த மணி அடித்தால் அரிசி பங்கு போடுகிறார்கள் என்று அர்த்தம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வயிறு காய்ந்த சனம் அந்தச் சத்தத்துக்கு எப்படி ஓடி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேசட்டில் பெரியப்பா சொல்கிறார்: "அம்பது ஆளு வேணும்னான் ஜப்பான்காரன். பட்டாளம் போயி கூப்புட்டா சனம் காட்டுக்குள்ள ஓடிரும். நான்தான் சொன்னேன், பெரட்டு மணிய அடிச்சா தானா வரும்னு. நானே அடிச்சேன். டப்பா, சாக்கு எல்லாம் தூக்கிக்கிட்டு ஓடியாந்துச்சுங்க. ஜப்பான்காரன் பேரா கேட்டான்? தலையத்தான் எண்ணினான். ஒண்ணு கொறஞ்சுச்சு. திரும்பிப் பாத்தான், நான் நின்னேன். என்னையும் லாரியில ஏத்திட்டான் லா!"

உடனே வீடே சிரிக்கிறது. எங்கள் குடும்பத்தில் இதுதான் பேர்போன சிரிப்புக் கட்டம். அடித்தவனையே ஏற்றிவிட்டார்கள் என்று பெரியப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து வருடா வருடம் சொல்லியிருக்கிறார். மீதி நாற்பத்தொன்பது பேர் யார், அவர்களுடைய வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு நாயும் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பில் என் குரலும் கேட்கிறது. வாயில் முறுக்கு வேறு. அன்றைக்கு அந்த மடையனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு.

தோட்டத்துப் பழைய ஆட்களைத் தேடினேன். அதே லாரியில் போய்த் திரும்பாத ஒருவருடைய மகள் மம்பாவில் இருக்கிறார் என்று தெரிந்தது. "போ போ, அப்பாவப் பத்தி பெருமையா சொல்லுவாங்க, எழுதிக்க" என்று அண்ணன் உற்சாகமாக அனுப்பி வைத்தார்.

அந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். தேத்தண்ணி கொடுத்தார், பிஸ்கட் தட்டை என் பக்கமாகத் தள்ளி வைத்தார். மண்டோரின் தம்பி மகன் வந்திருக்கிறேன் என்பதில் அவருக்கு மரியாதை. அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்பாவுக்கு அன்னிக்கு நல்ல காய்ச்ச, தம்பி. படுத்துக் கெடந்தாரு. அம்மா கெழங்கு புடுங்க போயிருந்தாங்க. மணி சத்தம் கேட்டுச்சு. பெரிய ஆளு போய் நின்னாத்தான் அரிசி குடுப்பாங்க. எனக்கு எட்டு வயசு. பசி. அப்பாவ உலுக்கி எழுப்பினேன். வேணாம் பாப்பான்னாரு. நான் அழுதேன். அப்பறம் எந்திரிச்சு சட்டைய மாட்டிக்கிட்டு வந்தாரு. டப்பாவ நான்தான் தூக்கிக்கிட்டு பின்னால ஓடுனேன்."

அவர் அழவில்லை. பல வருடங்களாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியங்கள் அவை.

"அரிசிக்கு ஆசப்பட்டு அப்பாவ நான்தான் அனுப்பிட்டேன்" என்றார்.

பெரியப்பாவின் மேல் அதுவரை எனக்கு இருந்தது வெறும் இளக்காரம். அன்று அருவருப்பாகிவிட்டது. மூடி மறைக்க நினைத்தேன், பொய் சொல்வானேன்? குடும்ப மானம் என்று ஒன்று உள்ளே இருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. அதையும் சேர்த்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. சொல்லிவிட்டேன். அன்றைக்கு அரிசியே வரவில்லை, ஆள் பிடிக்க அடித்த மணி அது, யோசனை சொன்னவரும் அடித்தவரும் எங்கள் பெரியப்பாதான், நீங்கள் குழந்தை, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வையட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"நான் எழுப்பாம விட்டிருந்தா அப்பாவ வுட்டிருப்பானுங்களா, தம்பி?"

விட்டிருப்பார்கள். ஜப்பான்காரன் லயத்துக்குள் காலே வைக்கவில்லை. தலைக்கணக்கு நிறைந்ததும் லாரி கிளம்பிவிட்டது.

"இல்லக்கா" என்றேன். "லிஸ்ட்ல ஒங்கப்பா பேரு இருந்துச்சு. வரலன்னா வீட்டுக்குள்ள வந்து தூக்கியிருப்பானுங்க. பெரியப்பாவே சொல்லியிருக்காரு."

அக்கா எழுந்தார். ஆறிப்போன என் தேத்தண்ணியை எடுத்துப் பின்பக்கம் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க பெரியப்பா திரும்பி வந்தப்பறம் எங்க லயத்துலதானே இருந்தாரு. ஆறு வீடு தள்ளி" என்றார். "எங்கம்மாகிட்ட வந்து இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. அம்மா சாவற வரைக்கும் எங்கிட்ட மொகம் குடுத்து பேசல."