ஞாயிறு காலையில் ஆப்பிரிக்கப் படம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதுச்சத்திரத்தில் ஆங்கில ஆசிரியை. வீடு அம்மாபேட்டையில். வாரம் முழுக்க நாமக்கல் பஸ்ஸில் நின்றபடி போய்வந்து, ஞாயிறன்று துணி துவைத்து, மாவாட்டி நிமிர்ந்தால் திங்கள் வந்துவிடும். அந்த ஞாயிற்றைத்தான் திரைப்படக் கழகச் செயலாளர் வந்து கேட்டார்.

அவர் வங்கி ஊழியர். நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். ஞாயிறு காலையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து வெளிநாட்டுப் படங்கள் போடுவார். வெளிநாட்டுப் படமென்றால் சென்சார் வெட்டு இருக்காது என்று நம்பிச் சேர்ந்தவர்கள், ஆப்பிரிக்கப் படங்கள் வரத் தொடங்கியதும் நின்றுவிட்டார்கள். நாற்காலிகள் காலியாகவே கிடந்ததால் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாதே.

"படத்துக்கு அடியில இங்கிலீசுல வரி ஓடுமுங்க டீச்சர். மைக்கைப் புடிச்சு அதைத் தமிழ்ல சொன்னாப் போதுமுங்க."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுதானுங்க எனக்கு லீவு."

"தெரியுமுங்க. ஒரே ஒரு படமுங்க."

ஒரு படம் மூன்றாயிற்று. நான்காவது படத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்று காலை அவரே ரயிலடிக்குப் போய்ப் படச்சுருள் பெட்டியை சைக்கிளில் கட்டி எடுத்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரைக்கு முன்னால் நின்று வழக்கம்போலப் பேசினார். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் உள்ளூர்க்காரர்கள் அரசாங்கத்தின் அனுமதியில்லாமல் காமிராவைத் தொட முடியாது. சுதந்திரம் வந்த பிறகுதான், பாரிசிலும் மாஸ்கோவிலும் தொழில் படித்தவர்கள் ஊர் திரும்பித் தங்கள் பாஷையிலேயே படமெடுத்தார்கள். எடுத்தும் கொட்டகை கிடைக்கவில்லை. அங்கே அமெரிக்கப் படமும் நம் இந்திப் படமும் ஓடிக்கொண்டிருந்தன. டைரக்டர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் காட்டினார்கள்.

எங்கள் ஊரிலேயே ஸ்டுடியோ வைத்துப் படமெடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். தன் ஊரைப் படமெடுக்க ஒருவன் இன்னொருவனிடம் அனுமதி கேட்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

படம் ஓடியது. துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போன கணவனிடமிருந்து தகவல் நின்றுபோகிறது. மனைவி சோளக்காட்டிலே களை எடுக்கிறாள், தானியம் குத்துகிறாள், கடைசியில் லாரி ஏறி அவனைத் தேடிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. பேச்சு மிகவும் குறைவு. அவள் உலக்கை போடுகிற காட்சி நீண்டுகொண்டே போனது. திரையின் அடியில் ஒரு வரிகூட இல்லை. நான் மைக்கை மடியில் வைத்துவிட்டு, முதன்முறையாக, சும்மா பார்த்தேன். அவள் நடுவில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். என் கையும் இடுப்புக்குப் போனது. இப்படி அலுத்துப்போன பெண்ணை எந்தத் தமிழ்ப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

நகரத்தில் விசாரித்து விசாரித்து, அவள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். கரண்ட் போய்விட்டது.

வெகுநேரம் காத்திருந்தோம். மதியக் காட்சிக்குக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். பெட்டி அன்றைய ரயிலிலேயே அடுத்த ஊருக்குப் போகவேண்டும். செயலாளர் சுருளைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

முன்வரிசையில் ஒரு லாரி டிரைவரின் மனைவி இருந்தாள். புருஷன் வடக்கே லோடு கொண்டுபோனால் திரும்ப மாதமாகும் என்று படம் தொடங்குமுன் சொல்லிக்கொண்டிருந்தவள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"அந்த ஊட்டுல அவன் இருந்தானுங்களா, டீச்சர்?"

"எனக்கும் தெரியாதுங்க. நானும் இப்பத்தான் பாக்கறேன்."

"நீங்கதானுங்களே சொல்லீட்டு வந்தீங்க?"

"வரி ஓடுனாத்தானுங்க எனக்குத் தெரியும்."

அவள் நம்பவில்லை. தெரிந்தும் மறைக்கிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்தப் படத்துக்காகவா, இன்னும் துவைக்காத துணிக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செயலாளர் அந்தப் படத்தை மறுபடி வரவழைக்கப் பார்த்தார். பிரதி தேய்ந்துவிட்டதால் இனி அனுப்புவதற்கில்லை என்று பதில் வந்தது. பிறகு தெருவுக்குத் தெரு டிவி வந்தது. ஞாயிறு காலையில் கொட்டகைக்கு வர ஆளில்லை. கழகம் நின்றது.

வாழப்பாடிக் கிளைக்கு மாற்றலானபோது சொல்லிக்கொள்ள வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த டைரக்டருங்க படமெடுக்கப் பட்ட பாட்டைப் பாத்தா, நாம போட்டுக் காட்டப் பட்டதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க டீச்சர்," என்றார்.

"ஆமாங்க" என்றேன். அதற்குமேல் பேச எனக்குத் தெம்பில்லை. மறுநாளைக்குள் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்தது.